பூட்டிய மீற்றரும் ஒரு குடிபூரலும்

போன கிழமை என் வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தால் கோட்டுப் போட்ட ஒருவர் நின்றார். நம்மவர்தான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பேப்பர் செருகிய பலகை. "அண்ணை, கரன்ட் பில்லை ஒருக்காக் காட்டுறியளோ?" என்றார். அவருடைய வலது கால் ஏற்கனவே என் வாசற்படிக்கு உள்ளே இருந்தது.

இங்கே கனடாவில் காஸைப் போலவே மின்சாரத்தையும் இனி விரும்பிய கம்பனியிடம் வாங்கலாம் என்று இப்போது சட்டம் மாறியிருக்கிறது. அதனால் கதவு தட்டுகிறவர்கள் மறுபடியும் கிளம்பிவிட்டார்கள். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. காலை எங்கே வைப்பது என்று இந்த மனிதருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லையே என்றுதான் கவலை வந்தது. அவர் போன பிறகு மனைவியிடம் இதைச் சொன்னேன்.

"நீங்கள் வீடு வீடாத் திரிஞ்ச கதையை எழுதுங்கோவன். வாயாலை ஒருத்தருக்கும் சொல்ல மாட்டியள்," என்றாள்.

நான் ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். முழங்கால் தேய்ந்து வேலையை விட்டபின் நேரம் நிறைய இருப்பதால் எழுதுகிறேன்.

கனடா வந்ததும் முதலில் உணவகமொன்றில் கோப்பை கழுவினேன். பிறகு ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் கதவுக் கைப்பிடிகளுக்குப் பூச்சுப் பூசினேன். இரண்டும் எனக்குப் பிடித்த வேலைகள். ஒருவரோடும் பேசத் தேவையில்லை. தொண்ணூறுகளின் நடுவில் அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஒரு காஸ் கம்பனிக்குத் தமிழ் தெரிந்த ஆட்கள் வேண்டுமாம் என்று மனைவியின் சிநேகிதி சொன்னாள். குழாய் பொருத்துகிற வேலையாக்கும் என்று நினைத்துப் போனேன். போய்ப் பார்த்தால் அது பேசுகிற வேலை. கதவு தட்டி, எங்கள் கம்பனியின் காஸை வாங்குங்கள் என்று கேட்டு ஒப்பந்தம் எழுத வேண்டும். திரும்பிப் போகவும் வெட்கமாக இருந்தது, அதனால் இருந்துவிட்டேன்.

எங்கள் மேலாளர் பட்ரிசியா, ஜமேக்காவிலிருந்து வந்த பெண். நல்ல பருமன். அவர் ஏறினால் எங்கள் வான் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து பிறகு நிமிரும். காலையில் எங்களை ஒவ்வொருவராகத் தெருமுனைகளில் இறக்கிவிட்டு, டோனட் கடை வாசலில் வானை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார். ஒருபோதும் சத்தம் போட்டதில்லை. யாராவது பிழை விட்டால் அந்த ஆளை முன்சீட்டில் ஏற்றிவைத்து, ஒரு டோனட்டைப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்து, சாப்பிட்டு முடியும் வரை ஒன்றும் சொல்லமாட்டார். அந்த டோனட்டைப்போல விழுங்கக் கஷ்டமான சாப்பாடு வேறு இல்லை.

எனக்குக் கிடைத்த பயிற்சி ஒரு காலைப்பொழுதுதான். பட்ரிசியாவே ஒரு வீட்டு வாசலில் நின்று செய்து காட்டினார். மணியை ஒரு முறைதான் அடிக்கலாம். அடித்த கையோடு படியிலிருந்து கீழே இறங்கிவிட வேண்டும். வீட்டுக்காரர் நம்மைவிட உயரத்தில் நின்றால்தான் பயப்படமாட்டார். கதவையே பார்த்துக்கொண்டு நிற்காமல் ரோட்டைப் பார்த்தபடி நிற்க வேண்டும், திறக்கிறவர் முதலில் நம் கன்னத்தைக் காண்பதுதான் நல்லது. அவர்களின் புல்லில் நடக்கக் கூடாது. குழாய்களுக்குச் சொந்தமான பைப் கம்பனி அவர்கள் பெயருக்கு அனுப்பிய பில்லைக் கண்ணால் காணாமல் ஒப்பந்தம் எழுதக் கூடாது. உள்ளே கூப்பிட்டால் அடுப்பைத் தொடக் கூடாது, ஹீற்றரைத் தொடக் கூடாது, மீற்றரைத் தொடவே கூடாது. "நாம் விற்பது விலையை. காஸை அல்ல. காஸைத் தொடுகிற படிப்பு நமக்கில்லை," என்றார்.

"எனக்குப் பேச வராது," என்று அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

"நல்லது. அவர்கள் பேசுவார்கள்," என்றார்.

முதல் சில நாட்கள் மணியை அடித்துவிட்டு, வீட்டில் ஒருவரும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு நின்றேன். ஒரு வீட்டில் ஓர் ஐயா கதவைத் திறந்து, நான் வாய் திறப்பதற்குள், "கோயிலுக்குத்தானே?" என்று காசைக் கையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார். அதைத் திருப்பிக் கொடுக்க மறுபடி மணி அடிக்க வேண்டியிருந்தது. ஒரு முறைதான் அடிக்கலாம் என்ற விதியை அன்று மீறினேன். அந்த ஐயாதான் என்னிடம் ஒப்பந்தம் எழுதிய முதல் ஆள். காசைத் திருப்பிக் கொடுக்க வந்தவன் ஏமாற்றமாட்டான் என்று எண்ணினாரோ என்னவோ.

நம்முடைய ஆட்களுக்கு இந்தக் காஸ் விஷயத்தை விளங்கப்படுத்துவது லேசான காரியமல்ல. ஊரிலும் கொழும்பிலும் நாங்கள் அறிந்த காஸ், சிலிண்டரில் வருவது. காசு கொடுத்தால் சிலிண்டர் வரும், முடிந்தால் வெறும் சிலிண்டர் போகும். ஒரே கம்பனி, ஒரே கணக்கு. இங்கே குழாயும் மீற்றரும் பைப் கம்பனிக்குச் சொந்தம். அந்தக் குழாய்க்குள் வருகிற காஸை மட்டும் வேறு கம்பனியிடம் வாங்கலாம்.

"உங்கடை காஸ் நல்லா நீலமா எரியுமோ?" என்று ஓர் அன்ரி கேட்டார்.

"எல்லாம் ஒரே காஸ்தான் அன்ரி. அதே குழாயாலைதான் வரும்."

"அப்ப ஏன் நான் மாறோணும்?"

"ஐஞ்சு வருசத்துக்கு விலை கூடாது. ஆனா சந்தையிலை விலை குறைஞ்சாலும் உங்களுக்குக் குறையாது. மாறாட்டிலும் ஒண்டுமில்லை அன்ரி."

இதை ஆங்கிலத்தில் சொல்லிக்காட்டச் சொல்லிக் கேட்ட பட்ரிசியா, ஸ்டியரிங்கில் தலையை முட்டி முட்டிச் சிரித்தார். பிறகு, "அப்படியே சொல்," என்றார். அந்த அன்ரி எழுதினார். அவர் எழுதியதால் அவருடைய தங்கை எழுதினார். தங்கை எழுதியதால் அவர்களோடு பஜனைக்குப் போகிற ஆட்கள் எல்லாரும் எழுதினார்கள். எங்கள் சனம் விலையைக் கேட்பதற்கு முன்னர், "வேறை ஆர் எழுதினவை?" என்றுதான் கேட்கும்.

இப்படியே சில வருடங்கள் போயின. இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

அது வைகாசி மாதம். இரவு பெய்த மழையில் தெரு நனைந்திருந்தது. ஸ்காபரோவின் வடக்குப் பக்கத்தில் ஒரு தெருவில் நான் நடந்துகொண்டிருந்தேன். ஒரு வீட்டு முன்னால் சாமான்கள் ஏற்றிய வாடகை லொறி நின்றது. அந்த வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் வெறுங்காலோடு ஈரப் புல்லில் பாய்ந்து வந்தார். என் ஜாக்கெட்டின் முதுகில் கம்பனியின் நீலச் சுடர் படம் இருக்கும். அதை யன்னலால் கண்டுவிட்டு ஓடிவந்திருக்கிறார்.

"அண்ணை! காஸ் அண்ணை! ஒருக்கா நில்லுங்கோ! அடுப்பு எரியுதில்லை!"

அவர் பெயர் சிவநேசன். அன்று அவருக்குக் குடிபூரல், புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிபுகுகிற நாள். அவருடைய முதல் வீடு. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனார். சப்பாத்தைக் கழற்றத்தான் நேரம் விட்டார். குசினியில் முப்பது நாற்பது பேர். நடுவில் ஐயர். அடுப்பின்மேல் சந்தனம் பூசி மஞ்சள் கட்டிய புதுப் பால் சட்டி. அடுப்புக்கு முன்னால் கூறைச்சேலையில் சிவநேசனின் மனைவி ரஞ்சி. அவர் குமிழைத் திருக, அடுப்பு டிக் டிக் டிக் என்று சத்தம் போட்டது. நெருப்பில்லை.

"காஸ்காரர் வந்திட்டார்!" என்று யாரோ சொல்ல, அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பின. இரண்டு பேருக்கு முன்னால் நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"பைப் கொம்பனிக்குப் போன் எடுத்தனீங்களோ?" என்று சிவநேசனிடம் மட்டும் மெல்லக் கேட்டேன்.

"அதென்னத்துக்கு? நாங்கள் யன்னல் சீலைக்கு அளவெடுக்க வந்து நிக்கேக்கை ஒருத்தன் வந்து காஸ் எழுதிக்கொண்டு போனவன். இனி எல்லாம் சரி எண்டவன்."

எனக்கு விளங்கிவிட்டது. வந்தவன் வேறு ஏதோ கம்பனியின் ஆள். அவனும் என்னைப்போல விலையை மட்டும் விற்பவன். சிவநேசன் அதைச் சிலிண்டருக்குக் காசு கொடுத்தது போல எண்ணிக்கொண்டார். காஸ் வாங்கியாயிற்று, இனி வரும் என்று இருந்துவிட்டார். வீட்டை விற்றவர் போகும்போது தன் கணக்கை மூடிவிட்டார். புதியவர் பெயரில் ஒருவரும் கேட்காததால் பைப் கம்பனி வந்து மீற்றரைப் பூட்டிவிட்டுப் போய்விட்டது. வெளியே போய்ப் பார்த்தோம். மீற்றரில் பூட்டுத் தொங்கியது.

"வீட்டுத் திறப்புக் கையிலை கிடைச்சு ரெண்டு கிழமை. ஒருக்காலும் அடுப்பைப் பத்தவைச்சுப் பார்க்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"அம்மா விடேல்லை அண்ணை. முதல் நெருப்பு பாலுக்குத்தான் எண்டிட்டா."

அம்மா என்றது சிவநேசனின் தாயை. வாசலில் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார். மெலிந்த, நிமிர்ந்த மனுசி. "பத்தரையோடை நல்ல நேரம் முடியுது," என்றார். "உவையின்ரை நட்சத்திரத்துக்கு இதை விட்டா ஆவணியிலைதான் நாள். பால் காய்ச்சாத வீட்டிலை ஒருத்தரும் தலை சாய்க்கேலாது."

"பழைய அப்பார்ட்மென்ட் திறப்பைக் காலமையே திருப்பிக் குடுத்திட்டம்," என்றார் சிவநேசன். அவர் லொறியைப் பார்த்தார். அவர்களுடைய கட்டில், மேசை, பானை சட்டி எல்லாம் அதற்குள். பால் பொங்காமல் ஒரு சாமானும் இறக்கக் கூடாது என்பதும் அம்மாவின் கட்டளை. பத்தரைக்குள் பால் பொங்காவிட்டால் அந்தக் குடும்பம் ஆவணி வரை எங்கே போகும்?

கரன்ட் அடுப்பொன்று கொண்டுவந்து வைக்கலாம் என்று ஐயர் சொல்லிப் பார்த்தார். "வீட்டு அடுப்பிலைதான் காய்ச்சோணும். இரவல் அடுப்பிலை காய்ச்சினா இருக்கிறதும் இரவல் வீடுதான்," என்றார் அம்மா.

ரஞ்சியின் தம்பி பாபு கார் திருத்துகிறவர். அவரிடம் செல்போன் இருந்தது. அந்தக் காலத்துச் செல்போன், செருப்பளவு. அதை என் கையில் தந்துவிட்டார்கள். சிவநேசனுக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அவர் நிலைகொள்ளாமல் வாசலுக்கும் மீற்றருக்கும் நடந்துகொண்டிருந்தார். ஜாக்கெட் போட்டவன் நான்தானே.

பைப் கம்பனியில் ஒரு பெண் பேசினார். பெயர், விலாசம், வீடு கைமாறிய நாள் எல்லாம் கேட்டுச் சிவநேசன் பெயரில் கணக்குத் திறந்தார். பிறகு, பன்னிரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் ஆள் வருவார் என்றார்.

"மேடம், பத்தரைக்கு முன்னம் பால் பொங்க வேண்டும்," என்றேன்.

"என்ன?"

"பால். புது வீடு. பொங்காவிட்டால் இவர்கள் இங்கே படுக்க முடியாது. எல்லாச் சாமானும் லொறியில்."

"இது உங்கள் சமயமா?" என்று கேட்டார்.

"ஆம், மேடம்," என்றேன். அது போதாது போலப் பட்டது. "சமயமும், மாமியாரும்," என்றேன்.

அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்கும் ஒரு மாமியார் இருக்கிறார். கொஞ்சம் பொறுங்கள்," என்றார். திரும்பி வந்து, பக்கத்துத் தெருக்களில் வேலைசெய்கிற ஒருவரை அனுப்பப் பார்க்கிறேன், நேரம் மட்டும் உறுதி சொல்லமாட்டேன் என்றார். என் வாழ்நாளில் நான் பேசிய நீளமான ஆங்கிலம் அதுதான்.

பத்து மணி ஆயிற்று. ஆள் வரவில்லை. பாபு தன் காரின் டிக்கியிலிருந்து நீளக் கைப்பிடி வைத்த வெட்டுக்குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார்.

"உதென்ன பெரிய பூட்டே? ஒரு அமத்து. பேந்து அவங்கள் வந்து புதுசாப் பூட்டட்டும்."

எனக்கு எப்படித் துணிவு வந்தது என்று தெரியாது. மீற்றருக்கு முன்னால் போய்ச் சுவரோடு முதுகை வைத்துக் கையை விரித்து நின்றேன்.

"தம்பி, வேண்டாம்."

"அண்ணை, தள்ளுங்கோ. அக்கா உள்ளுக்கை அழுதுகொண்டு நிக்கிறா."

"எங்கை எது திறந்து கிடக்கெண்டு எங்களுக்குத் தெரியாது. உள்ளுக்கை நாப்பது சனம் நிக்குது. விளக்கும் எரியுது."

"உங்களுக்கு என்ன? நீங்கள் காஸ் எழுதுவியள், போவியள்."

"தள்ளமாட்டன்!" என்று கத்தினேன். அப்படிக் கத்தியது நான்தானா என்று எனக்கே சந்தேகம். பாபுவும் திகைத்துப் போனார்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் எங்கள் வான் வந்து நின்றது. நீண்ட நேரமாக என்னைக் காணாமல் பட்ரிசியா தேடி வந்திருக்கிறார். வானிலிருந்து இறங்கி, புல்லில் கால் வைக்காமல் நடைபாதையால் சுற்றி வந்தார். வெட்டுக்குறட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பக்கத்தில் வந்து மீற்றருக்கு முதுகு காட்டி நின்றார்.

"இவன் நகரமாட்டான்," என்றார் பாபுவிடம், மிகவும் சாந்தமாக. "நான் நகர விரும்பினாலும் லேசில் முடியாது. பார்த்தாயா?"

பாபுவுக்கு அந்தக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. குறட்டைக் கீழே வைத்தார்.

பைப் கம்பனியின் வாகனம் பத்து ஐந்துக்கு வந்தது. இறங்கியவர் உயரமான வெள்ளைக்காரர். சட்டைப் பையில் ஸ்டீவ் என்று தைத்திருந்தது. ஐயரைப்போலவே அவரும் அவசரப்படாத மனிதர். முதலில் உள்ளே போய் அடுப்பு, ஹீற்றர், சுடுதண்ணீர்த் தாங்கி எல்லாம் மூடியிருக்கின்றனவா என்று பார்த்தார். பிறகு பூட்டைத் திறந்து, காஸை விட்டு, மீற்றருக்கு முன்னால் குந்தினார். மீற்றரில் சின்ன முள் ஒன்று உண்டு. வீட்டில் எல்லாம் மூடியிருந்தால் அது அசையக் கூடாது. நாங்கள் எல்லாரும் குனிந்து அந்த முள்ளைப் பார்த்தோம்.

முள் ஓடியது.

ஸ்டீவ் உடனே காஸை நிறுத்தினார். யன்னல்களைத் திறக்கச் சொல்லிவிட்டு, பாபுவைக் கூட்டிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினார். வீட்டை விற்றவர் உடுப்பு உலர்த்தும் காஸ் மெஷினைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார். அது நின்ற இடத்தில் குழாய் வாயைத் திறந்தபடி இருந்தது. ஸ்டீவ் அதற்கு மூடி போட்டு இறுக்கினார். மேலே வந்த பாபு முதல் வேலையாக வெட்டுக்குறட்டை எடுத்துக்கொண்டுபோய்க் காரில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார்.

மறுபடி காஸ். மறுபடி முள். இம்முறை அது அசையவில்லை. உள்ளே ஐயர் மந்திரத்தை இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

குசினியில் இன்னொரு சிக்கல். தான்தான் முதலில் எரித்துப் பார்க்க வேண்டும், அது விதி என்றார் ஸ்டீவ். முதல் நெருப்பை வீட்டுக்காரிதான் மூட்ட வேண்டும் என்றார் அம்மா. இருவருக்கும் நடுவில் மொழிபெயர்த்தவன் நான்.

"அவர் குமிழைப் பிடிக்கட்டும். அவள் நெருப்பைப் பிடிக்கட்டும்," என்றார் பின்னாலிருந்து பட்ரிசியா. சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவரும் உள்ளே வந்திருந்தார்.

அம்மா யோசித்தார். தலையாட்டினார். ஸ்டீவ் குமிழைத் திருகினார். குழாயில் இருந்த காற்று போகும் வரை கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு ரஞ்சி, விளக்கில் கொளுத்திய குச்சியை நீட்டினார். பக்கென்று நீலமாகப் பற்றிக்கொண்டது. இறக்கி வைத்திருந்த சட்டியை மறுபடி ஏற்றினார்கள். ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரைக்கு இன்னும் சில நிமிடங்கள். பாலில் ஆடை கட்டியது, சுருங்கியது, நுரை திரண்டு எழும்பியது.

ஸ்டீவ் பாய்ந்தார். பால் வழியப்போகிறதென்று கத்தியபடி குமிழுக்குக் கை நீட்டினார்.

"தொடாதையுங்கோ!" என்று நாற்பது பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அவர் கையைச் சுட்டதுபோல் இழுத்துக்கொண்டார். பால் சட்டியின் விளிம்பால் வழிந்து, அடுப்பில் சீறி, புது நிலத்தில் சொட்டியது. எல்லாரும் கைதட்டினார்கள். ரஞ்சி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். வழிந்த பாலில் நெருப்பு அணைந்துவிட்டது.

"சிந்துவது நல்லதா?" என்று ஸ்டீவ் என்னிடம் கேட்டார்.

"மிகவும் நல்லது."

"இப்போதாவது காஸை மூடலாமா?"

அம்மாவைப் பார்த்தேன். "மூடட்டும்," என்றார். முதல் தம்ளர் பாலையும் அம்மா ஸ்டீவுக்கே கொடுத்தார். அவர் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக் குடித்துவிட்டு, ஹீற்றரையும் தாங்கியையும் பற்றவைக்க நிலவறைக்கு இறங்கினார்.

"இனி இறக்குங்கோ!" என்றார் அம்மா. லொறிக் கதவு கடகடவென்று மேலே போனது. ஆளாளுக்கு ஒன்றைத் தூக்கினார்கள். ஒரு பெரிய மெத்தையை இழுக்க ஆளில்லாமல் சிவநேசன் தடுமாறினார். ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையைப் பட்ரிசியா பிடித்தார். மாடிப்படியில் அவர் கீழே, நான் மேலே. வளைவில் மெத்தை சிக்கி, இருவரும் சிரித்து, பிறகு ஒருவழியாகக் கொண்டுபோய் வெறும் அறையொன்றின் நடுவில் போட்டோம்.

பின்னாலேயே அம்மா ஏறி வந்தார். மெத்தை ஓரத்தில் உட்கார்ந்தார். கையால் ஒரு தரம் தடவிப் பார்த்தார். பிறகு அப்படியே சரிந்து படுத்துவிட்டார்.

"அம்மா, கொஞ்சம் பொறுங்கோ, கட்டில் இன்னும் பூட்டேல்லை," என்றார் வாசலில் நின்ற சிவநேசன்.

"பேந்து பூட்டு," என்றார் அம்மா, கண்ணை மூடியபடி. "ஆக்களைச் சத்தம் போடாமல் நடக்கச் சொல்லு."

நானும் பட்ரிசியாவும் காலுறைகளோடு படியால் மெல்ல இறங்கினோம்.